கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும்? பூட் வரிசையை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸை மறுபடி ஏற்ற நினைப்பவர், லினக்ஸைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர், பழைய ஹார்ட் டிஸ்கை விட்டு எஸ்எஸ்டிக்கு மாறுபவர் ஆகிய மூவரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: கணினி எந்தச் சாதனத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் செட்டப் திரை. பழுதுபார்க்கும் மேசையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மேசைக் கணினியை மனத்தில் வைத்து எழுதியது. பெரும்பகுதி மடிக்கணினிக்கும் பொருந்தும்.

பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது? அதில் பூட் வரிசைக்கு என்ன வேலை?

மின்சாரம் பாய்ந்ததும் செயலி முதலில் ஓடவிடுவது, மதர்போர்டில் உள்ள சிறிய ஃப்ளாஷ் சில்லில் பதிந்திருக்கும் மென்பொருளைத்தான். 1981இல் ஐபிஎம் பிசி வெளிவந்த காலந்தொட்டு அதை பயாஸ் என்று அழைத்துப் பழகிவிட்டோம். ஏறத்தாழ 2012க்குப் பிறகு விற்பனையான கணினிகளில் பெரும்பாலும் இருப்பது அதற்கு மாற்றாக வந்த யூஇஎஃப்ஐ என்றாலும், கடைக்காரர் முதல் கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர் வரை எல்லோரும் இரண்டையும் பயாஸ் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லப் போகிறேன். நினைவகம், விசைப்பலகை, திரை ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முடித்ததும், இயங்குதளத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, தொடங்கத் தக்கதாக முதலில் எது அகப்படுகிறதோ அதனிடம் கணினியை ஒப்படைத்துவிடும். அந்தப் பட்டியல்தான் பூட் வரிசை.

பழைய பயாஸ் செய்த சோதனை மிக எளிமையானது. வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். கடைசி இரண்டு பைட்டுகள் பதினாறடிமான எண்ணில் 55, ஏஏ என்று இருந்தால் அந்தத் துண்டை அப்படியே ஓடவிடும். அதில் இருப்பது விண்டோஸைத் தொடங்கும் நிரலா, வைரஸா என்று அதற்குத் தெரியாது. 1986இல் லாகூரிலிருந்து பரவிய பிரெய்ன் வைரஸ் ஃப்ளாப்பியின் இந்த முதல் செக்டாரில்தான் குடியிருந்தது. அத்தகைய ஃப்ளாப்பியை டிரைவிலேயே மறந்துவிட்டுக் கணினியைத் தொடங்கியவர்களிடம் தொற்றியது. செருகி எடுக்கும் சாதனத்தை வரிசையில் நிரந்தரமாக முதலிடத்தில் வைக்காதீர்கள் என்று இன்றும் நான் சொல்வதற்குப் பின்னால் அந்தக் காலத்து அனுபவம் இருக்கிறது.

ஒரே ஒரு முறை பென் டிரைவிலிருந்து தொடங்கினால் போதும். அதற்கும் வரிசையை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒரு பதிலே போதுமானது. வரிசையைத் தொடாமல், இந்த முறைக்கு மட்டும் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனு ஏறக்குறைய எல்லா மதர்போர்டிலும் உண்டு. அதைத் திறக்கும் விசைதான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. டெல், லெனோவா, கிகாபைட் ஆகியவற்றில் பெரும்பாலும் எஃப்12. ஏசஸ் மதர்போர்டுகளில் எஃப்8. எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் இரண்டிலும் எஃப்11. எச்பி கணினிகளில் எஸ்கேப் விசையை அழுத்தி, வரும் பட்டியலில் எஃப்9ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏசர் கணினிகளிலும் எஃப்12தான். ஆனால் பல மாடல்களில் அந்த மெனுவை அணைத்தே அனுப்புகிறார்கள், ஆகவே முதலில் செட்டப்புக்குள் சென்று அதை இயக்க வேண்டியிருக்கும். அடுத்த முறை கணினி வழக்கம்போலத் தன் வட்டிலிருந்தே தொடங்கும் என்பதால், திருப்பி மாற்ற மறந்துவிட்டோமே என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

விசையை அழுத்திக்கொண்டே இருக்கிறேன், விண்டோஸ் திறந்துவிடுகிறது. ஏன்?

முதலில், அழுத்திப் பிடிக்காமல் தட்டுங்கள். பவர் பட்டனிலிருந்து கையை எடுத்த உடனே, விநாடிக்கு இரண்டு முறை என்ற கணக்கில், திரையில் எதுவும் தெரிவதற்கு முன்பிருந்தே தட்டிக்கொண்டிருக்க வேண்டும். மானிட்டர் விழித்து நிறுவனச் சின்னத்தைக் காட்டுவதற்குள் விசைக்காகக் காத்திருக்கும் நேரம் முடிந்துவிடுவது புதிய கணினிகளில் சாதாரணம். விசைப்பலகையை முன்பக்கத் துளையிலோ ஹப்பிலோ செருகியிருந்தால், அதை எடுத்து மதர்போர்டின் பின்பக்கம் உள்ள யூஎஸ்பி 2.0 துளையில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். எஃப்என் பூட்டு உள்ள விசைப்பலகையானால் எஃப்12ஐத் தட்டும்போது ஒலி அளவு மாறிக்கொண்டிருக்கும், மெனு வராது, இதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயக்கத்தில் இருக்கும்போது ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் ஆகாது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு, மறுமுறை அதையே எடுத்து விரிக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்தக் குறுக்குவழி கிடையாது. எனவே அணைத்துத் தொடங்குவதைவிட ரீஸ்டார்ட் கொடுத்து விசையைத் தட்டுவது நல்லது. மதர்போர்டிலேயே அல்ட்ரா ஃபாஸ்ட் என்ற அமைப்பைப் போட்டு வைத்திருந்தால் யூஎஸ்பி விசைப்பலகையே விண்டோஸ் வரும்வரை உயிர் பெறாது. அப்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டைச் சொடுக்கினால் வரும் நீலநிறத் தேர்வுத் திரையில் யூஸ் எ டிவைஸ் என்பதன் வழியாகப் பென் டிரைவையோ, ட்ரபிள்ஷூட்டின் உள்ளே யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் வழியாகச் செட்டப்பையோ திறக்கலாம். விண்டோஸும் வரவில்லை, செட்டப்பும் வரவில்லை என்றால், மின் இணைப்பை எடுத்துவிட்டு, பெட்டியைத் திறந்து வட்டின் டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். தொடங்க எதுவும் கிடைக்காத நிலையில் பல போர்டுகள் தாமாகவே செட்டப்பில் வந்து நிற்கும்.

வரிசையை நிரந்தரமாக மாற்ற எங்கே போக வேண்டும்?

தனியாக வாங்கிப் பொருத்திய மதர்போர்டுகளில் டெலீட் விசை, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவா மேசைக் கணினிகளில் பெரும்பாலும் எஃப்1 ஆகியவை செட்டப்பைத் திறக்கும். பூட் என்ற தாவலுக்குள் பூட் ஆப்ஷன் 1, 2, 3 என்று வரிசை இருக்கும். ஒன்றின்மேல் நின்று எண்டரைத் தட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது கூட்டல், கழித்தல் விசைகளால் மேலே கீழே நகர்த்த வேண்டும். ஏசஸ், எம்எஸ்ஐ போர்டுகளின் எளிய முகப்பில் வட்டுகளின் படங்களை மவுஸால் இழுத்தே வரிசையை மாற்றலாம். எஃப்10ஐத் தட்டிச் சேமித்து வெளியேறினால்தான் மாற்றம் நிற்கும். எஸ்கேப் விசையால் வெளியே வந்துவிட்டு மாறவில்லை என்று வருந்துபவர்கள் ஏராளம்.

பலரைத் திணறடிக்கும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தாலும் முதன்மைப் பட்டியலில் ஒன்றின் பெயர்தான் தெரியும். மற்றதைத் தேடித் தேடிக் களைத்துப் போவோம். அதே பக்கத்தின் அடியில் ஹார்ட் டிஸ்க் டிரைவ் பிபிஎஸ் ப்ரையாரிட்டீஸ் என்ற தனி வரி இருக்கும். அதற்குள் நுழைந்து வட்டுகளுக்குள் எது முதல் என்று சொன்ன பிறகே அந்தப் பெயர் வெளிப்பட்டியலுக்கு வரும். வகைக்கு ஒரு பிரதிநிதி என்ற இந்த ஏற்பாடு 1996இல் வந்த பயாஸ் பூட் ஸ்பெசிஃபிகேஷன், அதாவது பிபிஎஸ், காலத்தது. யூஇஎஃப்ஐ போர்டுகளிலும் பல நிறுவனங்கள் அதைத் தொடர்கின்றன.

ஒரே பென் டிரைவ் மெனுவில் இரண்டு முறை தெரிகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

முன்னால் யூஇஎஃப்ஐ என்ற ஒட்டு உள்ள வரி, பென் டிரைவில் உள்ள தொடக்கக் கோப்பைப் புதிய முறையில் திறக்கும். ஒட்டு இல்லாத வரி, முதல் 512 பைட்டுகளை ஓடவிடும் பழைய லெகசி முறையில் திறக்கும். இதில் கவனமில்லாமல் ஒன்றைத் தட்டிவிட்டால், விண்டோஸ் நிறுவலின் நடுவில், இந்த வட்டில் நிறுவ முடியாது, வட்டு ஜிபிடி வகையைச் சேர்ந்தது என்றோ, எம்பிஆர் வகையைச் சேர்ந்தது என்றோ ஒரு செய்தி வந்து வழிமறிக்கும். வட்டைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்து வைக்கும் பழைய முறை எம்பிஆர், புதிய முறை ஜிபிடி. லெகசி முறையில் தொடங்கிய விண்டோஸ் நிறுவிக்கு எம்பிஆர் வட்டுதான் வேண்டும், யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கியதற்கு ஜிபிடி வட்டுதான் வேண்டும். அந்தச் செய்தியைப் பார்த்ததும் வட்டை அழித்துவிடாதீர்கள்; கணினியை மீண்டும் தொடங்கி, மெனுவில் மற்ற வரியைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் வழி திறக்கும். புதிய கணினி என்றால் யூஇஎஃப்ஐ வரியே சரியானது.

வரிசையில் என் வட்டின் பெயரைக் காணோம். விண்டோஸ் பூட் மேனேஜர் என்று இருக்கிறது. அது என்ன சாதனம்?

அது சாதனமே இல்லை. யூஇஎஃப்ஐ வரிசையில் இருப்பவை வட்டுகளின் பெயர்கள் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பாதிக் குழப்பங்களுக்குக் காரணம். ஒவ்வொரு வரியும், இன்ன வட்டில், இன்ன பகுதியில், இன்ன கோப்பை ஓடவிடு என்று மதர்போர்டின் நிலைநினைவகத்தில் எழுதிய ஒரு குறிப்பு. விண்டோஸ் நிறுவப்படும்போது இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய பகுதியை, பெரும்பாலும் 100 எம்பி அளவில், ஃபேட்32 முறையில் உருவாக்கி, அதில் தன் தொடக்கக் கோப்பை வைத்துவிட்டு, அதன் முகவரியை இந்தப் பெயரில் பதிவு செய்கிறது. பென் டிரைவுக்கு இப்படிப் பதிவு எதுவும் தேவைப்படாததற்குக் காரணம், பதிவில்லாத சாதனங்களில் இஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறையில் பூட்எக்ஸ்64 என்ற பெயருள்ள கோப்பைத் தேடும்படி தரநிலையிலேயே வகுத்திருப்பதுதான்.

இதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் அலுவலகக் கணினியில் 1 டிபி ஹார்ட் டிஸ்கைக் கழற்றாமலேயே புதிய 240 ஜிபி எஸ்எஸ்டியைச் செருகி, அதில் விண்டோஸை நிறுவினேன். வேகமாக ஓடியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. பல மாதங்கள் கழித்து ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தமிட ஆரம்பித்ததும் அதைக் கழற்றினேன், கணினி எழவில்லை. விண்டோஸ் முழுவதும் எஸ்எஸ்டியில்தான் இருந்தது, ஆனால் நிறுவியபோது பழைய வட்டில் ஏற்கெனவே ஓர் இஎஃப்ஐ பகுதி இருந்ததால் தொடக்கக் கோப்பை அங்கேயே கொண்டுபோய் வைத்திருக்கிறது. வீடு இங்கே, சாவி அங்கே. வரிசையை எத்தனை முறை மாற்றினாலும் இதற்குத் தீர்வு கிடையாது. எஸ்எஸ்டியில் புதிதாக ஓர் இஎஃப்ஐ பகுதியை உருவாக்கி, நிறுவல் பென் டிரைவின் கட்டளைத் திரையிலிருந்து பிசிடிபூட் என்ற கருவியால் தொடக்கக் கோப்புகளை எழுதிய பிறகே அது எழுந்தது. உங்கள் கணினியில் எப்படி என்று அறிய, விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற பெயர் எந்த வட்டின் வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த வட்டைக் கழற்றினால் கணினி எழாது.

அப்படியானால் எஸ்எஸ்டிக்கு மாறுவதற்குச் சரியான முறை எது?

புதிதாக நிறுவுவதானால், எஸ்எஸ்டியைத் தவிர மற்ற எல்லா வட்டுகளையும் கழற்றிவிட்டு நிறுவுங்கள். முடிந்தபின் மற்றவற்றைச் செருகலாம். பழைய வட்டை அப்படியே குளோன் எடுப்பதானால், எடுத்து முடித்ததும் பழைய வட்டைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டி மட்டும் இருக்கும் நிலையில் முதல் முறை தொடங்குங்கள். ஒரே அடையாள எண்ணுடன் இரண்டு வட்டுகள் இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும், அல்லது நீங்கள் எஸ்எஸ்டியில் வேலை செய்வதாக எண்ணிக்கொண்டு பழைய வட்டிலேயே வேலை செய்துகொண்டிருப்பீர்கள்.

என்விஎம்இ என்ற அதிவேக வகை எஸ்எஸ்டி வாங்குமுன் மதர்போர்டின் வயதைப் பாருங்கள். 2014க்கு முந்தைய போர்டுகளில் பெரும்பாலானவை, அட்டை மாற்றி வழியாகப் பொருத்தினால் அதைச் சேமிப்பு வட்டாகப் பயன்படுத்த விட்டாலும், அதிலிருந்து தொடங்காது. அவற்றுக்கு, ஹார்ட் டிஸ்கைப் போலக் கேபிளில் இணையும் சாட்டா எஸ்எஸ்டியே பொருத்தம். எஸ்எஸ்டியை மதர்போர்டிலேயே நேரடியாகப் பொருத்தும் எம்.2 துளையில் ஒன்றைச் செருகியதும் பழைய ஹார்ட் டிஸ்க் மாயமாகிவிட்டது என்றால் பதற வேண்டாம். பல போர்டுகளில் அந்தத் துளையும் ஓரிரு சாட்டா இணைப்புகளும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. கேபிளை வேறு சாட்டா இணைப்புக்கு மாற்றினால் வட்டு திரும்பத் தெரியும்.

பென் டிரைவ் மெனுவிலேயே வரவில்லையே?

நிறுவல் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கித் தரும் ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணமாக நகலெடுத்துப் பென் டிரைவில் ஒட்டியிருப்பீர்கள். அது தொடங்காது, ரூஃபஸ் போன்ற கருவியாலோ, விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூலாலோ எழுத வேண்டும். பின்னதற்குக் குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் தேவை. சரியாக எழுதியும் வரவில்லை என்றால், அது லெகசி முறைக்காக எழுதப்பட்டு, கணினி யூஇஎஃப்ஐ மட்டும் என்ற நிலையில் இருக்கலாம். செட்டப்பைத் திறப்பதற்கு முன்பே பென் டிரைவ் செருகியிருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். இடையில் செருகினால் பல போர்டுகள் பட்டியலைப் புதுப்பிப்பதில்லை.

செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்கிறார்கள். அணைக்கலாமா?

நம்பத் தக்க கையொப்பம் உள்ள தொடக்க நிரலை மட்டுமே ஓடவிடுவது செக்யூர் பூட். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது பரவலானது. உபுண்டு, ஃபெடோரா போன்றவை அந்தக் கையொப்பத்துடனேயே வருவதால் அவற்றுக்காக அணைக்க வேண்டிய தேவை பொதுவாக எழாது. கையொப்பமில்லாத பழைய மீட்புக் கருவிகளுக்குத் தேவைப்பட்டால் அணைத்து, வேலை முடிந்ததும் இயக்கிவிடலாம். எச்பி கணினிகளில் இதை மாற்றினால், அடுத்த தொடக்கத்தில் திரையில் நான்கு இலக்க எண்ணைக் காட்டி அதைத் தட்டச்சு செய்யச் சொல்லும். பழுது என்று அஞ்ச வேண்டாம்.

அஞ்ச வேண்டியது, வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கரை. வட்டு அதனால் பூட்டப்பட்டிருந்தால், செக்யூர் பூட்டையோ பூட் வரிசையையோ மாற்றியதும், யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று கருதி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். புதிய விண்டோஸ் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் இந்தப் பூட்டு உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கியிருக்கக்கூடும். ஆகவே செட்டப்பில் எதையும் தொடுவதற்கு முன், அந்த எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியும் வைக்கலாம். எண் இல்லாமல் போனால் உள்ளே இருக்கும் படங்களை எந்தக் கடைக்காரராலும் மீட்டுத் தர முடியாது.

விண்டோஸ் 11க்காக லெகசியிலிருந்து யூஇஎஃப்ஐக்கு மாற்றினேன். வட்டே தொடங்கவில்லை.

வட்டு எம்பிஆர் முறையிலேயே இருப்பதுதான் காரணம். அமைப்பைப் பழையபடி திருப்பினால் விண்டோஸ் எழுந்துவிடும். 2017 முதல் விண்டோஸ் 10இல் உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, தரவுகளை அழிக்காமலேயே வட்டை ஜிபிடிக்கு மாற்றும். மூன்றுக்கு மேற்பட்ட முதன்மைப் பகுதிகள் இருந்தால் அது மறுத்துவிடும். முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் வைத்துக்கொண்டு, முதலில் வட்டை மாற்றி, அதன் பிறகே செட்டப்பில் யூஇஎஃப்ஐக்கு மாற வேண்டும். முன்பின் மாறியதுதான் உங்கள் சிக்கல்.

சரியாக வைத்த வரிசை சில நாட்களில் தானாக மாறிவிடுகிறது. தேதியும் பின்னுக்குப் போகிறது.

மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. சுவிட்ச் போர்டில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளை தரும் காத்திருப்பு மின்சாரத்தில் கடிகாரம் ஓடும். அதையும் நிறுத்திவிட்டால் பேட்டரிதான் தாங்க வேண்டும். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைக்கும் வீடுகளில் இந்தப் பேட்டரி சீக்கிரம் தீர்வது இதனால்தான். அணைப்பதில் தவறில்லை, பேட்டரிக்குச் சில பத்து ரூபாய்தான். பேட்டரி தீர்ந்தால் பல போர்டுகளில் வரிசை மட்டுமின்றி எல்லா அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். வட்டுகளுடன் மதர்போர்டு பேசும் விதத்தைக் குறிக்கும் சாட்டா முறை ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கோ மாறினால், வரிசை சரியாக இருந்தும் விண்டோஸ் நீலத் திரையுடன் நின்றுவிடும். எனவே பேட்டரியை மாற்றும் முன், செட்டப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் லினக்ஸ் பின்னுக்குத் தள்ளப்பட்டால், விண்டோஸ் ஏதோ ஒரு புதுப்பிப்பின்போது தன் பதிவை முதலிடத்துக்கு நகர்த்தியிருக்கும். செட்டப்பில் உபுண்டு என்ற வரியை மேலே ஏற்றலாம். லினக்ஸுக்குள்ளிருந்தே இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கட்டளையாலும் வரிசையை மாற்றலாம். அந்தப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் நம் ஊரில் யாருக்கும் மறக்காது.

வேறு யாரும் பென் டிரைவைச் செருகிக் கணினியைத் தொடங்காமல் தடுக்க முடியுமா?

செட்டப்புக்குக் கடவுச்சொல் வைத்து, யூஎஸ்பியிலிருந்து தொடங்குவதையும் பூட் மெனுவையும் அணைத்துவிட்டால் கல்லூரி ஆய்வகத்துக்கும் அலுவலகத்துக்கும் பெரும்பாலும் போதும். ஆனால் பெட்டியைத் திறக்க முடிந்தவர், பல போர்டுகளில் ஒரு ஜம்பரை மாற்றி அந்தக் கடவுச்சொல்லை நீக்கிவிடலாம், அல்லது வட்டையே கழற்றி வேறு கணினியில் செருகிவிடலாம். தரவுகளைக் காப்பதே நோக்கமானால் வட்டைக் குறியாக்கம் செய்துவிடுங்கள்.